திட்டிக்கொண்டே இருக்கிறார்கள், ஆனால் ஏன் கிளம்புவதில்லை? – வாசகர் கேள்வி பதில்

குடிபெயர்வு பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கின்றன: சொந்த நாடு பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்? அவற்றில் சில கேள்விகளை எடுத்துக்கொண்டு, குடிபெயர்வு ஆய்விலும் விசா நடைமுறைகளிலும் பழக்கமுள்ள எங்கள் குழுவினர் பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: என் மைத்துனர் காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் இரவு படுக்கும்வரை நாட்டைத் திட்டுகிறார். ‘இங்கே மனுஷன் இருப்பானா’ என்பார். ஆனால் இத்தனை வருடத்தில் வெளிநாடு போக ஒரு விண்ணப்பம்கூடப் போட்டதில்லை. இது வெறும் வாய்ப்பேச்சுதானே?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் கோபம் முழுக்க உண்மையாகவே இருக்கலாம். போக ஆசைப்படுவதற்கும் போகத் திட்டமிடுவதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. திட்டமிட்டவர்களிலும் காரியத்தில் இறங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். காலப் நிறுவனம் 2010 முதல் 2015 வரை உலகம் முழுக்க நடத்திய கருத்துக்கணிப்புகளை வைத்துச் சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பு ஒரு கணக்குப் போட்டது. வாய்ப்புக் கிடைத்தால் வேறொரு நாட்டில் நிரந்தரமாகக் குடியேற விருப்பம் என்றவர்கள் சுமார் 71 கோடிப் பேர். அடுத்த 12 மாதத்துக்குள் போகத் திட்டம் இருக்கிறது என்றவர்கள் 6.6 கோடி. விசாவுக்கு விண்ணப்பிப்பது, டிக்கெட் எடுப்பது என்று ஏதாவது ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தவர்கள் 2.3 கோடி. அதாவது ஆசைப்பட்ட முப்பது பேரில் ஒருவர்தான் கையைக் காலை அசைத்திருக்கிறார். மற்ற 29 பேரும் பொய் சொன்னார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

ஐ.நா.வின் 2024 மதிப்பீட்டின்படி பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்பவர்கள் 30.4 கோடி. உலக மக்கள்தொகையில் 3.7 சதவீதம். நூறு பேரில் 96 பேருக்கு மேல் பிறந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். ஆகவே, போகாமல் இருப்பதுதான் உலக வழக்கம். போகிறவர்தான் விதிவிலக்கு.

நார்வே ஆய்வாளர் யோர்கன் கார்லிங், மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கும் கேப் வெர்டே தீவுகளை ஆராய்ந்து 2002இல் ஒரு வகைப்பாட்டை முன்வைத்தார். போக விருப்பமும் வழியும் உள்ளவர்கள் போகிறார்கள். விருப்பம் இருந்து வழி இல்லாதவர்கள் மாட்டிக்கொண்டவர்கள். விருப்பமே இல்லாதவர்கள் இருந்துகொள்பவர்கள். வெளியிலிருந்து பார்த்தால் பின்னிரண்டு கூட்டமும் ஒன்றுபோலவே தெரியும். உங்கள் மைத்துனர் எந்தக் கூட்டம் என்று தெரிய வேண்டுமானால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “நாளைக்கே விசா கைக்கு வந்துவிட்டது. எந்த நகரத்துக்குப் போவீர்கள்? அங்கே என்ன வேலை பார்ப்பீர்கள்? இந்த வீட்டை யார் பார்த்துக்கொள்வார்கள்?” மூன்றுக்கும் உடனே பதில் வந்தால் அவர் மாட்டிக்கொண்டவர், ஏதாவது வழி தேடித் தரலாம். நகரத்தின் பெயரே வராமல், பேச்சு மறுபடி இங்கத்து அமைச்சர்களிடம் திரும்பினால், அவர் கேட்பது வேறு நாடு அல்ல. இதே நாடு சரியாக வேண்டும் என்கிறார். பெரும்பாலான மனத்தாங்கல்கள் இந்த இரண்டாவது வகைதான்.

கேள்வி: நாடு எவ்வளவு ஏழையோ, அவ்வளவு அதிகம் பேர் வெளியேற வேண்டும். அப்படித்தானே நடக்கிறது?

இல்லை. மிக ஏழை நாடுகளிலிருந்து வெளியேறுபவர்களின் விகிதம் நடுத்தர வருமான நாடுகளைவிடக் குறைவு. தலைக்கு வருமானம் உயர உயர, வெளியேறுபவர்களின் எண்ணிக்கை முதலில் கூடுகிறது. வாங்கும் சக்தியின்படி, அதாவது நாட்டுக்கு நாடு மாறும் விலைவாசியைச் சரிக்கட்டிப் பார்த்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டாலர் என்ற கட்டத்தை நெருங்கிய பிறகுதான் இறங்கத் தொடங்குகிறது. மைக்கேல் கிளெமென்ஸ், ஹைன் டி ஹாஸ் போன்ற குடிபெயர்வு ஆய்வாளர்கள் இதைப் பல நாடுகளின் தரவுகளில் காட்டியிருக்கிறார்கள். காரணம் எளிது. வெளியேறுவதற்குப் பணம், படிப்பு, ஏற்கெனவே போய் நிலைத்துவிட்ட ஒரு சொந்தக்காரர் வேண்டும். இந்த மூன்றும் வறுமையின் அடித்தட்டில் இருப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை.

பணம் மட்டும்தான் தடை என்றும் நினைத்துவிடாதீர்கள். 2008இல் வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியில் ஒரு சோதனை நடந்தது. அறுவடைக்கு முன் பஞ்சம் தலைகாட்டும் மாதங்களில் வேறு ஊருக்குப் போய் வேலை பார்க்கச் சுமார் 8.50 டாலர், கிட்டத்தட்ட போகவர பஸ் செலவுக்கான தொகை, குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். கூடுதலாக 22 சதவீதக் குடும்பங்கள் ஓர் ஆளை அனுப்பின. வீட்டில் சாப்பாட்டுச் செலவு கூடியது. அடுத்த ஆண்டு பணம் தராமலேயே பலர் மறுபடி போனார்கள். அந்தச் சிறு தொகையை அதற்கு முன் அவர்களால் சேர்த்திருக்கவே முடியாதா? பலரால் முடிந்திருக்கும். ஆனால் போன இடத்தில் வேலை கிடைக்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. விளிம்பில் வாழ்பவருக்கு ஒரு தடவை தோற்கக்கூட இடமில்லை, அதனால் லாபமான பயணத்தைக்கூடத் தள்ளிப்போட்டார்கள். இதையே பின்னால் பெரிய அளவில் விரிவாக்கியபோது எதிர்பார்த்த பலன் வராமல் 2019இல் நிறுத்தினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கையில் காசைக் கொடுத்துவிட்டால் ஆட்கள் நகர்ந்துவிடுவார்கள் என்ற சூத்திரம் எல்லா இடத்திலும் எடுபடுவதில்லை.

கேள்வி: விசாவே வேண்டாம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று திறந்துவிட்டால் எல்லோரும் போய்விடுவார்களா?

அதைச் சோதித்துப் பார்த்த இடங்கள் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த உறுப்பு நாட்டுக் குடிமகனும் வேறு எந்த உறுப்பு நாட்டிலும் வேலை பார்க்கலாம். இருந்தும் 2020இல், 20 முதல் 64 வயது வரை உள்ள குடிமக்களில் வேறு உறுப்பு நாட்டில் வாழ்ந்தவர்கள் 3.3 சதவீதம்தான். ஜெர்மானியர்களில் 0.8 சதவீதம். ருமேனியர்களில் 18.6 சதவீதம். வாசல் எல்லோருக்கும் ஒரே அளவுதான் திறந்திருந்தது. ஊதிய வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்த இடத்தில்தான் கணிசமானவர்கள் கிளம்பினார்கள். அங்கேயும் ஐந்தில் நாலு பேர் ஊரிலேயே இருந்தார்கள்.

கரீபியன் கடலில் அமெரிக்காவின் ஆட்சியில் உள்ள போர்ட்டோ ரிக்கோ இன்னும் தெளிவான உதாரணம். அந்தத் தீவினர் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். விமான டிக்கெட் ஒன்று போதும், நியூயார்க்கில் இறங்கி அன்றே வேலை தேடலாம். தீவின் வருமானமோ அமெரிக்காவின் ஏழை மாநிலங்களில் ஒன்றான மிசிசிப்பியைவிடக் குறைவு. இருந்தும் தீவு காலியாகிவிடவில்லை. தலைமுறை தலைமுறையாகப் போனார்கள், பலர் திரும்பினார்கள். கடன் நெருக்கடியும், 2017 செப்டம்பரில் அடித்த மரியா புயலும் சேர்ந்து மக்கள்தொகையைச் சட்டென்று குறைத்தபோதுகூட 2020 கணக்கெடுப்பில் சுமார் 33 லட்சம் பேர் அங்கேயே இருந்தார்கள்.

மூன்றாவது உதாரணம், பசிபிக் தீவு நாடான டோங்கா. 2002 முதல் நியூசிலாந்து ஆண்டுதோறும் டோங்கா மக்களுக்குக் குலுக்கல் முறையில் இடம் தருகிறது. குலுக்கலில் பெயர் வந்து போனவர்களின் வருமானம் ஓராண்டுக்குள் 263 சதவீதம் கூடியதாக ஆய்வாளர்கள் அளந்தார்கள். இவ்வளவு ஆதாயம் இருந்தும், பெயர் வந்தவர்களிலேயே சிலர் போகவில்லை. கவனிக்க வேண்டிய இன்னொன்று: நியூசிலாந்தில் எவ்வளவு சம்பாதிக்கலாம் என்று விண்ணப்பித்தவர்கள் முன்கூட்டிச் சொன்ன மதிப்பீடு உண்மையான ஊதியத்தைவிடக் குறைவாகவே இருந்தது. வெளிநாடு என்றால் பணம் கொட்டும் என்று எல்லோரும் மிகையாகக் கற்பனை செய்கிறார்கள் என்ற பொதுவான நினைப்புக்கு இது நேர்மாறு. அங்கே போனவர்கள் உறவினரிடம் வருமானத்தைக் குறைத்துச் சொல்வதும் இதற்கு ஒரு காரணமாகலாம் என்கிறார்கள். கூடுதலாகச் சொன்னால் கூடுதலாக அனுப்ப வேண்டியிருக்குமே!

கேள்வி: நல்ல படிப்பு, பதினைந்து வருட அனுபவம். இப்படிப்பட்டவர்கள் ஏன் தயங்குகிறார்கள்? அவர்களுக்கு எங்கே போனாலும் வேலை கிடைக்குமே.

அனுபவம் கூடக் கூடத் தயக்கமும் கூடுவதில் நியாயம் இருக்கிறது. அனுபவத்தில் ஒரு பகுதி எங்கே போனாலும் கூட வரும், இன்னொரு பகுதி எல்லையிலேயே நின்றுவிடும். ஒரு வழக்கறிஞரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்த சட்டம் அந்த நாட்டுச் சட்டம். நீதிமன்றப் பழக்கம், கட்சிக்காரர்கள், எந்த வழக்கை எப்படி நகர்த்தினால் நகரும் என்ற அறிவு எல்லாம் அங்கேயே தங்கிவிடும். மென்பொருள் எழுதுபவருக்கு உரிமம் தேவையில்லை, அவர் நிரல்மொழி எங்கும் ஒன்றுதான். அதனால்தான் ஒரே சம்பளம், ஒரே வயது, ஒரே அளவு அதிருப்தி உள்ள இரண்டு பேரில் ஒருவர் கிளம்புகிறார், மற்றவர் இருக்கிறார்.

மருத்துவர் நடுவில் நிற்கிறார். உடம்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான், உரிமம் ஒன்றல்ல. பிரிட்டனில் வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான பிளாப் தேர்வு இரண்டு கட்டம். அமெரிக்காவில் யுஎஸ்எம்எல்இ என்ற உரிமத் தேர்வுகளை முடித்த பிறகு, மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே கற்கும் ரெசிடென்சி பயிற்சியைக் குறைந்தது மூன்றாண்டு மறுபடி செய்ய வேண்டிவரும். 28 வயதில் அது சாதாரணம். 43 வயதில், துறைத்தலைவராக இருப்பவர் மறுபடி இரவுப் பணிப் பயிற்சி மருத்துவராக நிற்க வேண்டும். பலர் அந்த இடத்தில்தான் விண்ணப்பத்தை மூடிவைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மருத்துவர், பொதுச் செவிலியர், பல் மருத்துவர், கால்நடை மருத்துவர், பேறுகால உதவியாளர், மருந்தாளுநர், கட்டடக் கலைஞர் ஆகிய ஏழு தொழில்களுக்குத் தகுதியைத் தானாக ஏற்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் அங்கே பெற்ற பட்டத்துக்குத்தான் அது பொருந்தும்.

ஆகவே விசாவைத் தேடுவதற்கு முன் தொழிலைத் தேடுங்கள். போக விரும்பும் நாட்டில் உங்கள் தொழில் உரிமம் தேவைப்படும் தொழிலா என்று முதலில் பாருங்கள். தேவை என்றால், உரிமம் தரும் அமைப்பின் பக்கத்தில் போய் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான விதிகளைப் படியுங்கள். ஒரே நாட்டுக்குள்ளேயே மாநிலத்துக்கு மாநிலம் மாறும் தொழில்கள் இருக்கின்றன. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆசிரியர், செவிலியர், பொறியாளர் உரிமம் மாகாணம் அல்லது மாநிலத்தின் கையில். விசா வந்து, போய் இறங்கி, அதன் பிறகு உரிமத்துக்கு இன்னும் இரண்டாண்டு ஆகும் என்று தெரிந்துகொள்வதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. நடுவில் சேமிப்பு கரையும், தொழிலிலும் இடைவெளி விழுந்துவிடும்.

கேள்வி: எனக்குத் தெரிந்து நாலைந்து பேர் கனடா விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டுப் பாதியில் விட்டுவிட்டார்கள். சோம்பேறித்தனமா?

பெரும்பாலும் தேதிகள்தான் காரணம். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஆயுள் வேறு. எல்லாம் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தால்தான் விண்ணப்பம் நகரும்.

கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையையே எடுத்துக்கொள்வோம். வயது, படிப்பு, மொழி, அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டு, கூடுதல் புள்ளி உள்ளவர்களை நிரந்தரமாகக் குடியேற அழைக்கும் முறை இது. மொழித் தேர்வு முடிவுக்கு இரண்டு ஆண்டு ஆயுள். பட்டம் கனடியப் பட்டத்துக்குச் சமம் என்று காட்டும் மதிப்பீட்டு அறிக்கைக்கு ஐந்து ஆண்டு. காத்திருப்புப் பட்டியலில் உங்கள் விவரம் 12 மாதம் நிற்கும், பிறகு மறுபடி பதிய வேண்டும். அழைப்பு வந்தால் முழு விண்ணப்பத்தையும் 60 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த 60 நாளில்தான் பலர் கவிழ்கிறார்கள். ஏனென்றால் கடந்த 10 ஆண்டில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்றிதழ் வேண்டும். முன்பு வேறு நாட்டில் வேலை பார்த்தவர் அங்கிருந்து கைரேகை கொடுத்து வாங்குவதற்கே இரண்டு மூன்று மாதம் ஆகலாம். இப்போது வாழும் நாட்டின் சான்றிதழோ விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அதனால் மிக முன்னாலேயே வாங்கி வைக்கவும் முடியாது. மருத்துவப் பரிசோதனை 12 மாதம் செல்லும். செயலாக்கம் தாமதமானால் அதையும் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

இதற்கிடையில் வயது ஓடிக்கொண்டிருக்கும். துணை இல்லாமல் விண்ணப்பிப்பவருக்கு 20 முதல் 29 வயது வரை 110 புள்ளி. 30இல் 105. 35இல் 77. 40இல் 50. 45இல் சுழியம். ‘இந்த ஆண்டு குழந்தைக்குப் பரீட்சை, அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று முப்பதுகளில் தள்ளிப்போடும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஐந்தாறு புள்ளி போகிறது. நாற்பதைத் தாண்டினால் 11, 11, 11 என்று விழும். மொழித் தேர்வில் அரை மதிப்பெண் கூட்டுவதற்குப் பட்ட பாடு ஒரு பிறந்தநாளில் அடிபட்டுப் போகிறது.

சரியான வரிசை எது? முதலில் எல்லா ஆவணத்திலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பட்டத்தில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால், திருமணச் சான்றில் எழுத்துக் கூட்டல் வேறு என்று இருந்தால் அதைச் சரிசெய்யவே பல மாதம் பிடிக்கும். பின்னால் தள்ளக் கூடாத வேலை இது. அடுத்து, பட்ட மதிப்பீடு. பல்கலைக்கழகமே நேரடியாக மதிப்பெண் பட்டியலை அனுப்ப வேண்டும் என்று கேட்பதால் இது மெதுவாக நகரும், ஆயுளும் நீளம். அதனால் முதலில் தொடங்கலாம். மூன்றாவது, பழைய நிறுவனங்களிலிருந்து பணிச் சான்று. பதவி, தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், செய்த வேலைகளின் விவரம் எல்லாம் அதில் வேண்டும். ‘இவர் எங்களிடம் பணியாற்றினார், வாழ்த்துகள்’ என்ற இரண்டு வரிக் கடிதம் செல்லாது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதற்கு இந்தக் கடிதம் அடிக்கடி காரணமாகிறது. மொழித் தேர்வை இவற்றுக்குப் பிறகு எழுதுங்கள். வெளிநாட்டுப் போலீஸ் சான்றிதழ்களை, அழைப்புக்குக் காத்திருக்கும்போதே கேட்டுவிடுங்கள். நீங்கள் இப்போது வாழாத நாட்டின் சான்றிதழ், அங்கே கடைசியாக ஆறு மாதம் தங்கிய பிறகு வாங்கியதாக இருந்தால் போதும், எப்போது வாங்கினாலும் செல்லும்.

அதிருப்தியால் மட்டும் கிளம்பியவருக்கு இந்த ஓட்டம் தாங்காது. கோபம் சில வாரத்தில் தணிந்துவிடும், கோப்பு இரண்டு ஆண்டு ஓடும்.

கேள்வி: அமெரிக்கர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் ‘இவர் ஜெயித்தால் கனடா போய்விடுவேன்’ என்கிறார்கள். போனவர்களைக் காணோமே?

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு, வாக்குகள் எண்ணப்பட்டபோது கனடாவின் குடியேற்ற இணையதளம் முடங்கிப்போனது. ஆர்வம் அவ்வளவு இருந்தது. ஆனால் அடுத்த ஆண்டுகளில் கனடாவில் நிரந்தரக் குடியிருப்பு பெற்ற அமெரிக்கர்கள் ஆண்டுக்குச் சுமார் பத்தாயிரம் என்ற பழைய அளவை ஒட்டியே இருந்தார்கள். பக்கத்து நாடு என்பதால் தனி வாசல் ஒன்றும் கிடையாது. மேலே சொன்ன அதே புள்ளிக் கணக்குத்தான் அவர்களுக்கும்.

அமெரிக்கர்களுக்கு இன்னொரு கட்டு உண்டு. உலகில் பெரும்பாலான நாடுகள் எங்கே வாழ்கிறீர்களோ அங்கே வரி கேட்கும். அமெரிக்கா, குடியுரிமையை வைத்து வரி கேட்கிறது. வெளிநாட்டில் வாழும் அமெரிக்கர் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனியாக அறிவிக்க வேண்டும். அமெரிக்கர்களின் கணக்கு விவரத்தை வெளிநாட்டு வங்கிகள் அமெரிக்க வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஃபாட்கா சட்டம் 2010இல் வந்த பிறகு, அந்தத் தொல்லைக்குப் பயந்து, அமெரிக்கர்களுக்குக் கணக்குத் திறக்கவே தயங்கும் வங்கிகள் வெளிநாடுகளில் இருக்கின்றன. நாட்டை விட்டுப் போனாலும் அதன் வரி அலுவலகம் விடாது என்றால், போவதன் நிம்மதி பாதியாகிவிடுகிறது.

கேள்வி: வயதான பெற்றோர், பள்ளியில் படிக்கும் பிள்ளை. இவர்களை அழைத்துக்கொண்டு போக முடியாதா?

மனைவி அல்லது கணவன், சிறு பிள்ளைகள் பெரும்பாலும் கூடவே போகலாம். பெற்றோர்தான் சிக்கல். பிரிட்டன் 2012 ஜூலையில் விதியை இறுக்கியது. அன்றாடக் காரியத்துக்கே நீண்டகாலப் பராமரிப்பு தேவை, அது சொந்த நாட்டில் கிடைக்கவே கிடைக்காது என்று நிரூபித்தால்தான் பெற்றோரை அழைக்கலாம். கிட்டத்தட்ட மூடிய கதவு. கனடாவில் பெற்றோருக்கு நிரந்தரக் குடியிருப்பு வாங்க, குலுக்கலில் பெயர் வர வேண்டியிருந்தது, அதற்கும் 2020க்குப் பிறகு புதிய பதிவு திறக்கவில்லை. நீண்டநாள் தங்கும் சூப்பர் விசா உண்டு, அதற்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஒற்றைப் பிள்ளைகளாக இருப்பவர்கள் வெளியேறாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மணமுறிவு ஆனவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளையின் பொறுப்பு இருவரிடமும் இருந்தால், மற்றவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் பிள்ளையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்க் குடிவைக்கக் கூடாது. 1980 ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளுக்கிடையே, 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்ப உத்தரவு வரலாம்.

கேள்வி: போகாதவர்கள் கோழைகள் என்கிறான் என் நண்பன். நாட்டை மாற்ற முடியாது என்று தெரிந்தும் இருப்பது கோழைத்தனம் இல்லையா?

1989இல் கிழக்கு ஜெர்மனியில் நடந்ததை உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள். அங்கே 1949 முதல் 1961 வரை 27 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மேற்கே ஓடினார்கள். 1961 ஆகஸ்ட் 13இல் பெர்லின் எல்லை மூடப்பட்டுச் சுவர் எழுந்தது. 28 ஆண்டுக்குப் பிறகு, 1989 செப்டம்பர் 11இல் ஹங்கேரி தன் எல்லையைத் திறந்துவிட, ஆயிரக்கணக்கானோர் அந்த வழியாக வெளியேறத் தொடங்கினார்கள். அதே வாரங்களில் லைப்சிக் நகரில் திங்கட்கிழமைதோறும் ஊர்வலம். முதலில் ‘வெளியே போக வேண்டும்’ என்று ஒரு கூட்டம் முழங்கியது. அதற்குப் பதிலாக இன்னொரு கூட்டம் ‘நாங்கள் இங்கேயே இருப்போம்’ என்று முழங்கியது. ஓடிப்போகிறவர்களை வேண்டுமானால் அரசு ‘போய்த் தொலையட்டும்’ என்று விட்டுவிடலாம். இங்கேயே இருப்பேன், நீ மாறு என்பவரை என்ன செய்வது? அக்டோபர் 9ஆம் தேதி சுமார் 70,000 பேர் திரண்டார்கள், காவல்துறை சுடவில்லை. ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9இல் சுவர் திறந்தது.

அதிருப்தி கொண்டவருக்கு வெளியேறுவது, குரல் கொடுப்பது என இரண்டு வழி உண்டு, பற்று எவ்வளவு என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்றை எடுக்கிறார் என்று பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதினார். வெளியேறுவது எளிதானால் குரல் மங்கும் என்பது அவருடைய முதல் கணிப்பு. கிழக்கு ஜெர்மனியைப் பார்த்த பிறகு 1993இல் அதைத் திருத்தினார், சில வேளை இரண்டும் ஒன்றையொன்று தூண்டும் என்றார். போகிறவர்களைப் பார்த்துத்தான் இருந்தவர்களுக்குத் தைரியம் வந்தது. இருந்தவர்கள் தெருவுக்கு வந்ததால்தான் சுவர் திறந்தது. இதில் யாரைக் கோழை என்பது?

கேள்வி: போவதா, இருப்பதா என்று மூன்று வருடமாக யோசிக்கிறேன். எப்படித்தான் முடிவெடுப்பது?

குறைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே, போகும் நாட்டிலும் இது இருக்குமா என்று எழுதுங்கள். ஊழல், காற்று மாசு, பேச்சுச் சுதந்திரம் போன்றவை நாட்டோடு சேர்ந்தவை, நாடு மாறினால் மாறும். மேலதிகாரி, கடன், தனிமை போன்றவை உங்களோடு விமானம் ஏறும். தனிமை அங்கே கூடவும் செய்யும். வேலைப் பளுவும் வீட்டு வாடகையும் ஊரை மாற்றினாலே மாறக்கூடியவை. அவற்றுக்காக நாட்டை மாற்ற வேண்டியதில்லை.

பிறகு, இழப்பை எழுதுங்கள். லாபத்தின் மகிழ்ச்சியைவிட அதே அளவு நட்டத்தின் வலி ஏறக்குறைய இரண்டு மடங்கு உறைக்கும் என்று உளவியல் ஆய்வாளர்கள் கானேமனும் ட்வெர்ஸ்கியும் காட்டினார்கள். இழப்புகள் இன்றே கண்ணுக்குத் தெரியும், ஆதாயங்கள் தூரத்தில் மங்கலாக இருக்கும். அதனால் மனக்கணக்கு எப்போதும் ‘இருந்துவிடு’ என்றே சொல்லும். தாளில் எழுதினால் இரண்டும் ஒரே அளவு எழுத்தில் நிற்கும். ஓய்வூதியத்தையும் மறக்காதீர்கள். பல நாடுகளில் ஓய்வூதியம் பெறக் குறைந்தது இத்தனை ஆண்டு பங்களிப்புக் கட்டியிருக்க வேண்டும் என்ற விதி உண்டு, அமெரிக்காவில் 40 கிரெடிட், அதாவது ஏறத்தாழ 10 ஆண்டு வேலை. இங்கே எட்டு ஆண்டு, அங்கே எட்டு ஆண்டு என்று விட்டால் இரண்டு பக்கமும் கைவிட்டுப் போகலாம். இரண்டு நாட்டுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தால் ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. கிளம்பும் முன் இதைப் பாருங்கள்.

முடிந்தால் அந்த நாட்டில் சுற்றுலாக் காலம் அல்லாத மாதத்தில் மூன்று நான்கு வாரம் தங்குங்கள். ஹோட்டலில் வேண்டாம். குடியிருப்புப் பகுதியில் அறை எடுத்து, நீங்களே சமைத்து, வேலைநேரத்தில் பஸ், ரயிலில் போய்வாருங்கள். வேலை இல்லாமல் ஆறு மாதம் ஓட்டும் அளவுக்குச் சேமிப்பு, அதோடு திரும்பி வருவதற்கான டிக்கெட் பணம், இரண்டும் தனியாக இருக்கட்டும். கடைசியாக, முடிவுக்கு ஒரு தேதி வையுங்கள், அது உங்கள் வயதுப் புள்ளி குறையும் பிறந்தநாளுக்கு முன்னால் இருக்க வேண்டும். அந்தத் தேதியில் ‘இருக்கிறேன்’ என்று முடிவெடுத்தாலும் அது முடிவுதான்.

கேள்வி: போய்விட்டுத் திரும்பி வந்தால் ஊர் சிரிக்குமே?

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கப்பலேறி அமெரிக்கா போன ஐரோப்பியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் திரும்பி வந்தார். ஒவ்வொரு குடிபெயர்வு ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு என்று குடிபெயர்வை ஆராய்ந்த புவியியலாளர் ரேவன்ஸ்டைன் 1885இலேயே எழுதிவிட்டார். தயங்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 56. இனி யோசிப்பதே வீணா?

திறன் அடிப்படையிலான பாதை அநேகமாக மூடிவிட்டது. ஆஸ்திரேலியாவின் புள்ளி அடிப்படை விசாவுக்கு அழைப்பு வரும்போது 45 வயதுக்குள் இருக்க வேண்டும். கனடாவில் விண்ணப்பிக்கத் தடை இல்லை, ஆனால் வயதுக்குப் புள்ளி கிடைக்காது. மிச்சம் இருப்பது வருமானம் அல்லது சேமிப்பைக் காட்டும் பாதை. போர்ச்சுகலின் டி7 விசாவுக்கு வாடகை, ஓய்வூதியம் போன்ற நிலையான வருமானம் வேண்டும். அதன் அளவு அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தோடு கட்டப்பட்டிருப்பதால் ஆண்டுக்கு ஆண்டு மாறும். தாய்லாந்தில் 50 வயது கடந்தவர்களுக்கான ஓய்வு விசாவுக்கு வங்கியில் 8 லட்சம் பாட் வைப்புக் காட்டலாம். இரண்டிலும், உள்ளூரில் வேலை பார்த்துப் பிழைக்கலாம் என்ற நினைப்போடு போகாதீர்கள். தாய்லாந்து ஓய்வு விசாவில் வேலை செய்யவே அனுமதி கிடையாது. விசாக் கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன், உங்கள் வயதுக்கும் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் அங்கே மருத்துவக் காப்பீடு கிடைக்குமா, ஆண்டுக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.